ஜீனெட் ராங்கின்: இரண்டு தேர்தல், இரண்டு போர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோதும், இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோதும், நாடாளுமன்றத்தில் "வேண்டாம்" என்று இரண்டு தடவையும் வாக்களித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஜீனெட் ராங்கின். அவர் பெயர் எடுத்தாலே பேச்சு அந்த இரண்டு ஓட்டுகளோடு முடிந்துவிடுகிறது. அவர் எப்படி ஜெயித்தார், எதனால் தோற்றார், மற்ற வாக்கெடுப்புகளில் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது.

யார் இந்த ஜீனெட் ராங்கின்?

1880 ஜூன் 11-ல் மிசூலா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அப்போது மொன்டானா ஒரு மாநிலம்கூட இல்லை, 1889-ல்தான் மாநிலமானது. அப்பா மர வியாபாரமும் கட்டட வேலையும் பண்ணையும் பார்த்தவர், அம்மா ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகளில் ஜீனெட் மூத்தவர். தம்பி வெலிங்டன் பின்னாளில் வக்கீலாகிப் பெரும் பணக்காரர் ஆனார். இந்தத் தம்பியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் அடிக்கடி வருவார்.

1902-ல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து முடித்தார். பிறகு நியூயார்க்கில் சமூகப் பணி படிப்பு, ஆதரவற்ற குழந்தைகளுக்கான வேலை என்று சில காலம். 1910-ல் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த பெண் வாக்குரிமைப் பிரசாரத்தில் இறங்கினார். அங்கே பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. அதன்பின் அவருக்கு வேறு வேலை ஓடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு ஓட்டு கேட்பதே தொழிலாகிவிட்டது.

பெண்களுக்கே ஓட்டுரிமை இல்லாத நாட்டில் ஒரு பெண் எப்படி எம்.பி. ஆக முடிந்தது?

இதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நாடு முழுவதும் பெண்களுக்கு ஓட்டு என்ற 19-வது அரசியல் சட்டத் திருத்தம் 1920-ல்தான் வந்தது. ஆனால் அதற்கு முன்பே மேற்குப் பக்கத்து மாநிலங்கள் பலவும் தனித்தனியாகப் பெண்களுக்கு ஓட்டு கொடுத்திருந்தன. மொன்டானா 1914 நவம்பரில் கொடுத்தது. அந்தப் பிரசாரத்தை முன்னின்று நடத்தியவரே ராங்கின்தான்.

வேட்பாளராக நிற்பதற்குச் சட்டத்தில் தடையும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளில் ஒன்றான பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஏழு ஆண்டுகளாவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும், அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும். அவ்வளவுதான் அரசியல் சட்டம் கேட்பது. ஆணா பெண்ணா என்று அது கேட்கவில்லை. எழுதியவர்களுக்கு ஒரு பெண் வந்து நிற்பார் என்று தோன்றியிருக்காது, அதனால் தடுக்கவும் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1914-ல் மொன்டானாவில் ஓட்டு கிடைத்தது "எல்லாப் பெண்களுக்கும்" அல்ல. அந்த மாநிலத்தின் பூர்வகுடி மக்களில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே கிடையாது. அமெரிக்கப் பூர்வகுடிகள் அனைவரையும் குடிமக்களாக ஏற்ற சட்டம் 1924-ல்தான் வந்தது.

1916 தேர்தலில் ஜெயித்தது எப்படி?

அவர் குணத்தாலும் உழைப்பாலும் ஜெயித்தார் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தேர்தல் முறையும் கை கொடுத்தது. அதை விட்டுவிட்டால் 1918-ல் ஏன் தோற்றார் என்பது புரியாது.

மொன்டானாவுக்கு அப்போது பிரதிநிதிகள் சபையில் இரண்டு இடங்கள். ஆனால் மாநிலம் இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கப்படவில்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கும் இருவர் உறுப்பினர்கள். ராங்கின் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "உங்கள் ஊர்க்காரருக்கு ஒரு ஓட்டு போடுங்கள், இன்னொன்றை எனக்குப் போடுங்கள்" என்பதுதான் அவர் கேட்ட கேள்வியின் சாரம். யாரையும் தோற்கடிக்கச் சொல்லவில்லை. தன் ஆளுக்குப் போட்டது போக மிச்சம் கையில் இருக்கும் ஓட்டைத்தான் கேட்டார். ஒரு பெண்ணுக்கு ஓட்டு போடத் தயங்கும் ஆணுக்குக்கூட இது பெரிய இழப்பாகத் தெரியாது.

குடியரசுக் கட்சியில் நின்றார். கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் பிரைமரி தேர்தலில், ஆகஸ்ட் மாதம், பல ஆண் போட்டியாளர்களைத் தாண்டி வந்தார். பிரசாரச் செலவையும் திட்டத்தையும் தம்பி வெலிங்டன் பார்த்துக்கொண்டார். அக்கா ரயிலிலும் காரிலும் குதிரையிலும் சுற்றினார். சுரங்கத் தொழிலாளர்கள் கூடும் தெருமுனையில் பேசினார், பண்ணை வீட்டுச் சமையலறையில் பேசினார். வாக்குரிமைப் போராட்டத்தில் ஏற்கனவே ஊர் ஊராகப் போய்ப் பழகிய பெண்கள் எல்லா இடத்திலும் இருந்தார்கள். தேர்தல் நாளன்று அவர்கள் வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, "காலை வணக்கம்! ஜீனெட் ராங்கினுக்கு ஓட்டு போட்டாச்சா?" என்று கேட்டார்கள். 1916-ல்!

நவம்பர் 7 தேர்தல். ஓட்டுச் சீட்டைக் கையால் எண்ணிய காலம். மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து கணக்கு வந்து சேர நாட்கள் ஆயின. முதலில் அவர் தோற்றுவிட்டதாகவே செய்தி பரவியது. கடைசியில் ஜனநாயகக் கட்சியின் ஜான் எவன்ஸ் முதலிடம், ராங்கின் இரண்டாமிடம். மூன்றாவது வந்தவரைவிட சுமார் 6,000 ஓட்டு அதிகம். அதே தேர்தலில் ஜனாதிபதி பதவிக்கு மொன்டானா ஆதரித்தது ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சனை. அதாவது கட்சி அலை எதிர்ப்பக்கம் அடித்தபோதும் இவர் கரையேறினார்.

பதவியேற்ற அன்றே போர்த் தீர்மானமா?

ஆமாம், அதே நாள். 1917 ஏப்ரல் 2. காலையில் அவருக்கு ஒரு பாராட்டு விருந்து. வாக்குரிமை இயக்கத்தில் அப்போது இரண்டு அணி, இரண்டுக்கும் ஆகவே ஆகாது. ஒரு பக்கம் கேரி சாப்மன் கேட், இன்னொரு பக்கம் ஆலிஸ் பால், நடுவில் ராங்கின். கையில் பூங்கொத்தோடு சபைக்குப் போனார். உறுப்பினர்கள் எழுந்து கைதட்டினார்கள். அன்று இரவு ஜனாதிபதி வில்சன் வந்து, ஜெர்மனி மீது போர் அறிவிக்க வேண்டும் என்று கேட்டார்.

நாடாளுமன்றத்தின் இன்னொரு சபையான செனட்டில் 82-க்கு 6 என்று தீர்மானம் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் விவாதம் ஏப்ரல் 5 முழுவதும் நடந்து நள்ளிரவையும் தாண்டியது. ராங்கின் பேசவில்லை. வெளியே நெருக்கடி இரண்டு பக்கமும் இருந்தது. "நீ எதிர்த்து ஓட்டு போட்டால் பெண்கள் எல்லோரும் கோழைகள் என்று சொல்லி வாக்குரிமையே கிடைக்காமல் போய்விடும்" என்பது ஒரு தரப்பு. தம்பி வெலிங்டனும் "ஆதரித்து ஓட்டு போடு, இல்லாவிட்டால் உன் அரசியல் முடிந்தது" என்றார். மறுபக்கம் ஆலிஸ் பாலின் அணி, பெண்கள் சமாதானத்தின் பக்கம் நிற்க வேண்டும் என்றது.

விடியற்காலை மூன்று மணி வாக்கில் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு. முதல் சுற்றில் அவர் பெயர் வந்தபோது பதில் இல்லை. முன்னாள் சபாநாயகரான வயதான ஜோ கேனன் அவரிடம் வந்து, வாக்களிக்காமல் இருந்துவிடாதே, இந்த நாட்டுப் பெண்களின் பிரதிநிதி நீ என்று சொன்னாராம். இரண்டாம் சுற்று. எழுந்து நின்று, "என் நாட்டின் பக்கம் நிற்க விரும்புகிறேன். ஆனால் போருக்கு ஆதரவாக வாக்களிக்க என்னால் முடியாது" என்றார். வாக்கெடுப்பின்போது "ஆம்", "இல்லை" தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்பது சபை மரபு. அது அன்று உடைந்தது.

முடிவு 373-க்கு 50.

அப்போது அவர் அழுதாரா?

இந்தக் கேள்வியே எரிச்சலூட்டும் ஒன்று, ஆனாலும் நூறு ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். அழுதார் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு மொன்டானா பத்திரிகை அவரை ஜெர்மன் பிரசாரகர்களின் கையில் உள்ள கத்தி என்றும், அழுமூஞ்சிப் பள்ளிச் சிறுமி என்றும் வசைபாடியது. அன்று சபையில் இருந்த ஃபியோரெல்லோ லகார்டியாவிடம் (பின்னாளில் நியூயார்க் மேயர்) இதைக் கேட்டபோது, "என் கண்ணிலேயே நீர் நிறைந்திருந்தது, அவர் அழுதாரா என்று நான் எப்படிப் பார்ப்பது?" என்றாராம். ஜனநாயகக் கட்சியின் சபைத் தலைவர் கிளாட் கிச்சினும் தன் சொந்தக் கட்சி ஜனாதிபதிக்கு எதிராகவே அன்று வாக்களித்தார். ஐம்பது எதிர்ப்பு ஓட்டுகளில் நாற்பத்தொன்பது ஆண்களுடையவை. அவர்கள் யாரையும் "சிறுவன்" என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை.

அப்படியானால் எல்லாப் போர்த் தீர்மானங்களையும் எதிர்த்தவரா?

இல்லை. வாக்குப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

1917 டிசம்பர் 7-ல் ஆஸ்திரியா-ஹங்கேரி மீது போர் அறிவிக்கும் தீர்மானம் வந்தது. ராங்கின் அதை ஆதரித்து வாக்களித்தார். போர் என்பது முட்டாள்தனமான, பயனற்ற வழி என்று இப்போதும் நம்புகிறேன், ஆனால் நாம் ஏற்கனவே போரில் இருக்கிறோம், இது அதன் தொடர்ச்சிதான் என்பது அவர் சொன்ன காரணம். அந்தத் தீர்மானத்தை எதிர்த்தவர் ஒரே ஒருவர், நியூயார்க்கின் சோஷலிஸ்ட் உறுப்பினர் மேயர் லண்டன். ராங்கின் அல்ல.

1941 டிசம்பர் 8-ல் ஜப்பான் மீதான தீர்மானத்துக்கு "இல்லை". மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11-ல், ஜெர்மனி, இத்தாலி மீதான தீர்மானங்கள் வந்தபோது ஆதரிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை; "இருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அமெரிக்க முறையில் இது மூன்றாவது வகை. சபையில் இருந்தேன், பக்கம் சாயவில்லை என்று பொருள்.

ஆக ஒரு எதிர்ப்பு, ஒரு ஆதரவு, மறுபடி ஒரு எதிர்ப்பு, கடைசியில் விலகி நின்ற இரண்டு. இதைச் சிலர் குழப்பம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போருக்குள் போகும் வாசலில் நின்று மறிப்பது ஒன்று, உள்ளே போன பிறகு என்ன செய்வது என்பது வேறொன்று என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் "ஒருபோதும் வளையாதவர்" என்ற பட்டம் மட்டும் அவருக்குப் பொருந்தாது.

பெண் வாக்குரிமைத் திருத்தத்தில் அவர் பங்கு என்ன?

அவர் சபைக்கு வந்ததே இதற்காகத்தான். பெண் வாக்குரிமைக்கென்று தனிக் குழு 1917 செப்டம்பரில் அமைக்கப்பட்டது, அதில் உறுப்பினரானார். 1918 ஜனவரி 10-ல் சபையில் விவாதத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். உலகத்தில் ஜனநாயகம் பிழைக்க வேண்டும் என்று சொல்லிப் போருக்கு ஓட்டு போட்ட இதே சபை, சொந்த நாட்டுப் பெண்களுக்கு இந்தச் சின்ன ஜனநாயகத்தைக்கூடத் தர மறுத்தால், ஜனநாயகத்துக்கு என்ன அர்த்தம் சொல்வீர்கள் என்று கேட்டார். போரை எதிர்த்தவர், அந்தப் போரின் கோஷத்தையே எடுத்து ஆதரித்தவர்கள் மீது திருப்பி வீசினார்.

அன்று விழுந்த ஓட்டு 274-க்கு 136. அரசியல் சட்டத் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 410-ல் மூன்றில் இரண்டு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு ஆதரவு ஓட்டு எதிர்ப்பக்கம் போயிருந்தாலும் தோற்றிருக்கும்.

அந்த அக்டோபரில் செனட் அதைத் தோற்கடித்தது. 1919-ல் இரண்டு சபைகளும் மறுபடி நிறைவேற்றி, 1920-ல் திருத்தம் சட்டமானபோது ராங்கின் சபையில் இல்லை. பெண்களுக்கு ஓட்டுரிமை தர வாக்களித்த ஒரே பெண் நான்தான் என்று பின்னாளில் சொல்லிக்கொள்வார். பெருமையாகவும் கேட்கும், கொஞ்சம் கசப்பாகவும் கேட்கும்.

வேறு என்ன செய்தார்?

அமெரிக்க ரூபாய் நோட்டு அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் (ரூபாய் என்று சொல்லிவிட்டேன், டாலர்) பெண்களை நாள்தோறும் அளவுக்கு மேல் வேலை வாங்குகிறார்கள் என்று புகார் வந்தது. விசாரிக்க வைத்தார், எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழக்கும் விதியை மாற்ற மசோதா கொண்டுவந்தார். 1922-ல் வேறொருவர் பெயரில் அது சட்டமானது. தாய்-சேய் நலத்துக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்ற அவர் மசோதாவும் அப்படித்தான், 1921-ல் வேறு பெயர்களில் நிறைவேறியது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறு.

அவரைச் சிக்கலில் மாட்டிவிட்டது இவை எதுவும் அல்ல, தாமிரம்தான். 1917 ஜூன் 8-ல் மொன்டானாவின் பியூட் நகரில் ஸ்பெகுலேட்டர் சுரங்கத்தில் தீப்பிடித்து 168 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 1-ல் தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டிலை முகமூடி போட்ட ஆட்கள் இழுத்துப்போய்த் தூக்கிலிட்டுக் கொன்றார்கள். மாநிலத்தில் அனகோண்டா தாமிர நிறுவனம் வைத்ததுதான் சட்டம். பத்திரிகைகள் பலவும் அதன் கைப்பிடியில் இருந்தன. ராங்கின் தொழிலாளர்கள் பக்கம் பேசினார். தேவைப்பட்டால் சுரங்கங்களை அரசே எடுத்து நடத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறவில்லை. ஆனால் யாரைப் பகைத்துக்கொண்டோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1918-ல் தோற்றது போருக்கு எதிரான ஓட்டினால்தானே?

அதுவும் ஒரு காரணம். ஆனால் வரைபடத்தைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு இடத்துக்கு ஒரே தொகுதி என்ற அமைப்பை மொன்டானா சட்டமன்றம் மாற்றியது. மாநிலம் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. ராங்கினின் ஊர் மேற்கில் விழுந்தது. மேற்கு, ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அவருக்குக் கைகொடுத்த "இரண்டாவது ஓட்டு" காணாமல் போனது. கிழக்கே இருந்த விவசாயிகளின் ஆதரவும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இனி ஒரு வாக்காளர், ஒரு ஓட்டு, நேருக்கு நேர் போட்டி.

அதனால் அவர் தொகுதியை விட்டுவிட்டு, மாநிலம் முழுவதும் ஓட்டு போடும் செனட் தேர்தலுக்குப் போனார். குடியரசுக் கட்சியின் பிரைமரியில் ஆஸ்கர் லான்ஸ்ட்ரம் என்பவரிடம் 2,000-க்கும் குறைவான ஓட்டில் தோற்றார். போருக்கு எதிராக ஓட்டு போட்டு, சுரங்க நிறுவனத்தைப் பகைத்துக்கொண்டு, போர் வெறி உச்சத்தில் இருந்த 1918-ல் வெறும் இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசம்! மக்கள் அவரைத் துப்பிவிட்டார்கள் என்று சொல்வதற்கு இந்தக் கணக்கு இடம் தரவில்லை. பிறகு நேஷனல் கட்சி என்ற சிறு கட்சியின் சின்னத்தில் பொதுத் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தார். ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் தாமஸ் வால்ஷ்.

ஒரே தொகுதியில் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையே பெண்களுக்கும் சிறிய தரப்புகளுக்கும் வழிவிடும் என்று முதுமையிலும் ராங்கின் வாதாடினார். அது புத்தகத்தில் படித்த கொள்கை அல்ல. சொந்த அனுபவம்.

அப்புறம் 22 ஆண்டுகள் என்ன செய்தார்?

சும்மா இருக்கவில்லை. 1919-ல் சமூக சேவகியும் சமாதான இயக்கத் தலைவியுமான ஜேன் ஆடம்ஸோடு ஜூரிச் நகரில் நடந்த பெண்கள் சமாதான மாநாட்டுக்குப் போனார். தொழிலாளர் பெண்கள், குழந்தைகள் நலச் சட்டங்களுக்காக வாஷிங்டனில் உறுப்பினர்களின் கதவைத் தட்டினார். ஜார்ஜியா மாநிலத்தில் மின்சாரம்கூட இல்லாத ஒரு சின்னப் பண்ணை வீடு வாங்கிக்கொண்டு அங்கே சமாதானச் சங்கம் நடத்தினார். 1930-களில் போர்த் தடுப்பு அமைப்பு ஒன்றின் சம்பள ஊழியராக நாடு சுற்றினார்.

அறுபது வயதில் மறுபடி எப்படி ஜெயித்தார்?

1940. எந்த மேற்குத் தொகுதி வேண்டாம் என்று 1918-ல் ஒதுங்கினாரோ, அதே மேற்குத் தொகுதி. பிரசாரத்தை ஓட்டுரிமையே இல்லாதவர்களிடமிருந்து தொடங்கினார்: தொகுதியில் இருந்த 56 உயர்நிலைப் பள்ளிகளில் 52-க்குப் போய் மாணவர்களிடம் பேசினார். போர் வந்தால் போகப் போவது யார்? அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான். அவர்கள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பார்களா?

பிரைமரியில் அவர் தோற்கடித்தது பதவியில் இருந்த ஜேக்கப் தோர்கெல்சனை, யூத வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போனவர் அவர். பொதுத் தேர்தலில் முன்னாள் உறுப்பினர் ஜெரி ஓ'கானலைத் தோற்கடித்தார். அமெரிக்கா ஐரோப்பியப் போரில் தலையிடக் கூடாது என்பது அப்போது மொன்டானாவில் பெரும்பான்மையோர் கருத்து. இந்தத் தடவை அவர் காற்றுக்கு எதிராக அல்ல, காற்றோடுதான் போனார்.

1941 தொடக்கத்தில் பிரிட்டனுக்கு ஆயுத உதவி தரும் மசோதாவை எதிர்த்து வாக்களித்தார். நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் படைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார், அது தள்ளுபடியானது.

1941 டிசம்பர் 8 அன்று உண்மையில் என்ன நடந்தது?

முந்தின நாள் ஞாயிறு. ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக டெட்ராய்ட் நகரை நோக்கி ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய செய்தியை வழியில் கேட்டார். பிட்ஸ்பர்க்கில் இறங்கித் திரும்பி வந்தார்.

திங்கள் மதியம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஜப்பான் மீது போர் அறிவிக்கக் கேட்டுப் பேசினார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. விவாதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆதரவுப் பேச்சுகள் மட்டும். ராங்கின் பலமுறை எழுந்து பேச வாய்ப்புக் கேட்டார். சபாநாயகர் சாம் ரேபர்ன் காது கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். போரை எதிர்க்கும் உறுப்பினருக்கு ஒரு நிமிடம் தருவதால் அந்தத் தீர்மானம் தோற்றிருக்காது. செனட்டில் 82-க்கு 0 என்று ஏற்கனவே முடிந்த விஷயம். ஆனாலும் தரவில்லை.

பெயர் கூப்பிட்டபோது, "பெண் என்பதால் என்னால் போருக்குப் போக முடியாது. வேறு யாரையும் அனுப்பவும் மாட்டேன்" என்றார். சபையிலும் பார்வையாளர் மாடத்திலும் சீறினார்கள். எவரெட் டர்க்சன் உள்ளிட்ட சக உறுப்பினர்கள் வந்து, ஓட்டை மாற்றுங்கள், குறைந்தது விலகியாவது நில்லுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். மாட்டேன் என்றார்.

388-க்கு 1.

வெளியே வந்ததும் கூட்டமும் பத்திரிகைக்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அங்கிருந்தே நாடாளுமன்றப் போலீசாரைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து அலுவலகம்வரை கொண்டுபோய் விட்டார்கள். கூண்டுக்குள் அவர் நிற்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தம்பி வெலிங்டனிடமிருந்து செய்தி வந்தது: மொன்டானா நூற்றுக்கு நூறு உனக்கு எதிராக இருக்கிறது.

அந்த ஓட்டு சரிதானா?

இதற்கு என் பதில்: 1917 ஓட்டோடு என்னால் நிற்க முடிகிறது, 1941 ஓட்டோடு முடியவில்லை. தாக்கப்பட்ட பிறகும், ஹிட்லர் ஐரோப்பாவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது ஓரளவு தெரிந்த பிறகும், வேறு என்ன வழி இருந்தது என்பதற்கு அவரிடம் தெளிவான பதில் இல்லை. 1942 டிசம்பரில் பதவி முடியும் தறுவாயில், ரூஸ்வெல்ட்டே ஜப்பானை வம்புக்கு இழுத்தாரா என்று கேள்வி எழுப்பும் அறிக்கை ஒன்றைச் சபைக் குறிப்பில் சேர்த்தார். அது பலவீனமான வாதம் என்றே எனக்குப் படுகிறது.

ஆனால் ஒன்று. சமாதானம் பேசியே ஓட்டு கேட்டார், சமாதானத்துக்கே ஓட்டு போட்டார். வாக்காளர்கள் தெரியாமல் தேர்ந்தெடுக்கவில்லை. அவரோடு துளியும் ஒத்துப்போகாத கன்சாஸ் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் ஆலன் ஒயிட், அந்தத் துணிச்சலைப் பாராட்டித் தலையங்கம் எழுதினார்.

கட்சி அவர் மீது நடவடிக்கை எடுக்கவில்லையா? பதவி பறிபோகவில்லையா?

நம் ஊர் வாசகர்கள் தவறாமல் கேட்பது இது. இந்தியாவில் 1985-க்குப் பிறகு கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. கட்சி கோபப்படலாம், அடுத்த தடவை சீட் கிடைக்காமல் செய்யப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் அங்கே "வாக்குப் பதிவு" என்பது ஓர் உறுப்பினரின் ஜாதகம் மாதிரி. பெயர் கூப்பிட்டு எடுத்த ஒவ்வொரு ஓட்டும் அச்சில் இருக்கும். இங்கே குரல் வாக்கெடுப்பில் "ஆம் என்போர் ஆம் என்க" என்று முடிந்துவிட்டால், யார் எப்படி வாக்களித்தார் என்று பின்னால் தேடவே முடியாது.

ராங்கின் முழுப் பதவிக் காலமும் இருந்தார். 1942-ல் மறுபடி நிற்கவில்லை; நின்றால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு வந்தவர் மைக் மேன்ஸ்ஃபீல்டு, பின்னாளில் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவர்.

இந்தியாவுக்கு வந்தாராமே?

1946-க்கும் 1971-க்கும் நடுவில் ஏழு முறை. காந்தியின் அகிம்சை வழி அவரை இழுத்தது. 1968 ஜனவரி 15-ல், 87 வயதில், வியட்நாம் போரை எதிர்த்து வாஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்களோடு ஊர்வலம் போனார். அந்த அணிக்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள். 1973 மே 18-ல் கலிபோர்னியாவில், 92 வயதில் காலமானார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

அவருக்குப் பிறகு அப்படி யாராவது தனியாக நின்றார்களா?

பிரதிநிதிகள் சபையில் பார்பரா லீ. 2001 செப்டம்பர் 14, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு ராணுவத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானம், 420-க்கு 1. அவரும் பெண்தான். அவரை அவர் தொகுதி மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தது. ராங்கினுக்கு வாய்க்காதது அதுதான்.

அவருக்குச் சிலை இருக்கிறதா?

இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கொடுக்கலாம். மொன்டானா 1985-ல் கொடுத்தது ராங்கின் சிலையை. நூற்றுக்கு நூறு எதிராக இருந்ததாகத் தம்பி சொன்ன அதே மொன்டானா. பீடத்தில் "போருக்கு ஆதரவாக வாக்களிக்க என்னால் முடியாது" என்று பொறித்திருக்கிறார்கள். 1917-ல் அவர் பேசியது இரண்டு வாக்கியம். "என் நாட்டின் பக்கம் நிற்க விரும்புகிறேன்" என்ற முதல் வாக்கியம் பீடத்தில் இல்லை.